பொன்னுரங்கம் முறுக்கிய கம்பி

என் தம்பி ராஜவேலுவைக் கொன்றவன் பொன்னுரங்கம். இதை நான் யாரிடமும் மென்று விழுங்கிச் சொன்னதில்லை. தம்பிக்குக் காரியம் முடிந்த மறுநாளே அந்த ஆளின் வாசலில் நின்று மூன்று கை மண்ணை வாரித் தூற்றி, "இருசம்மா சொல்றேன், உன் குடி வெளங்காது, உன் கை அழுவிப் போவும்" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு வந்தேன். என் மண்ணுக்குச் சக்தி பத்தவில்லை. அவன் கை அழுகவில்லை. அந்தக் கையில் இரண்டு மோதிரம் ஏறியதுதான் மிச்சம். பழவேற்காடு பஜாரில் பேட்டரிக் கடை வைத்தான், மாடி எடுத்தான், கங்கையம்மன் திருவிழாவுக்கு மைக்செட் அவன் உபயம். நான் கருவாட்டுக் கூடையோடு அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் காறித் துப்பித் துப்பி என் தொண்டைதான் புண்ணானது.

ஆனால் நான் சொல்ல வந்தது என் தம்பி பெண்டாட்டி நந்தினியைப் பற்றி. அவள் மண் தூற்றவில்லை, துப்பவும் இல்லை. பஞ்சாயத்தில் ஒரு தடவை பேசியதோடு சரி, பிறகு எட்டு வருடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதனாலேயே எனக்கு அவள் மேல் பற்றிக்கொண்டு வரும். "ஏண்டி, உனக்கு உடம்புல ரத்தம் ஓடுதா, ஐஸ் தண்ணி ஓடுதா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். அவள் "சாப்பிடுங்க அண்ணி" என்று தட்டை நகர்த்தி வைப்பாள்.

எங்கள் குப்பம் லைட்ஹவுஸுக்கு வடக்கே இருக்கிறது. முன்னால் கடல், முதுகுப் பக்கம் ஏரி. தம்பி ஃபைபர் படகு, எங்கள் பேச்சில் போட்டு, வாங்கியபோது அதற்கு ஒயர் போட்டவன் பொன்னுரங்கம். அன்றைக்குச் சுற்றுவட்டாரத்தில் அந்த வேலைக்கு அவன் ஒருத்தன்தான். ஒரு பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, அதிலிருந்து லைட்டு, ஜி.பி.எஸ்., வயர்லெஸ் செட்டு, பார்த்தால் பெரிய வேலையாகத் தெரியாது. ஆனால் பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒயரில் ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். எங்கேயாவது ஒயர் உரசி இரண்டு கம்பியும் ஒட்டிக்கொண்டால் ஃபியூஸ் முதலில் உயிரை விடும், போட்டு பிழைக்கும். கடலில் உப்புத் தண்ணீர் தெறித்துத் தெறித்து ஃபியூஸ் அடிக்கடி போகும். நடுக்கடலில் மாற்று ஃபியூசுக்கு எங்கே போவது? இருட்டில் நின்றுவிட்டுக் கரைக்கு வருகிறவர்கள் பொன்னுரங்கத்தைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள்.

அதற்கு அவன் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தான். ஃபியூஸ் உட்காரும் இடத்தில் யாருக்கும் சொல்லாமல் நாலு செம்புக் கம்பியை முறுக்கி வைத்துவிடுவான். அது போகவே போகாது. "பொன்னுரங்கம் ஒயர் போட்டா லைட்டு அணையாதுப்பா" என்று பேர் வாங்கிவிட்டான். எங்கள் ஜனங்களும் வாயைப் பிளந்துகொண்டு அவனையே தேடிப் போனார்கள், என் தம்பியும் போனான்.

வர்தா புயல் அடித்ததற்கு அடுத்து வந்த மாசி மாதம். விடிந்து வெளுத்துக்கொண்டிருந்த நேரம். போட்டில் இரண்டே பேர். கூடப்போன பெருமாள் முன்பக்கம் வலை மேல் படுத்துக் கண்ணயர்ந்திருந்தான். தம்பி பின்னால் எஞ்சினில் இருந்தான். பேட்டரிப் பெட்டியும் பெட்ரோல் கேனும் அவன் காலடியில். பெருமாள் கண் விழித்தபோது பின்பக்கம் முழுக்க நெருப்பு. அவன் ஒரு கை வெந்து கடலில் குதித்துப் பிழைத்தான். தம்பியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நாலு நாள் கிடந்தான், போய்விட்டான்.

ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. பொன்னுரங்கம் எழுந்து நின்று கூசாமல் சொன்னான்.

"ராஜவேலு பீடி பத்த வெச்சிருப்பான். பெட்ரோல் பக்கத்துல பீடி புடிச்சா இன்னா ஆவும்? என் ஒயர் மேல இன்னா தப்பு?"

தம்பி பீடி குடிப்பவன்தான், இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கரையில் குடிப்பான். போட்டில் ஏறும்போது பீடிக்கட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவான். அன்றைக்கும் பீடிக்கட்டு சாமி மாடத்துக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். அக்காக்காரி பேச்சை யார் நம்புவார்கள்?

அப்போதுதான் நந்தினி வாய் திறந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் கும்மிடிப்பூண்டிப் பக்கம் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் மூன்று வருடம் வேலை பார்த்தவள் அவள். எரிந்த போட்டிலிருந்து ஒரு முழம் ஒயரை வெட்டி எடுத்து வந்திருந்தாள்.

"வெளிய இருந்து நெருப்பு புடிச்சிருந்தா ஒயரோட மேல்தோல் கருவும். இது உள்ள கம்பி சூடாயி உள்ளருந்து வெந்திருக்குது. பேட்டரிலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே மாதிரி வெந்திருக்குது, பாருங்க" என்றாள்.

பஞ்சாயத்துத் தலைவர் ஆதிகேசவன் அந்த ஒயரைக் கையில்கூட வாங்கவில்லை. "பொம்பளைக்கு ஒயரைப் பத்தி இன்னாம்மா தெரியும்? போய்ப் புள்ளையப் பாரு" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். தப்பு ராஜவேலு மேல் என்று தீர்ப்பானது. பெருமாள் வீட்டுக்காரர்கள் எங்களுக்குத் தண்ணீர்கூடத் தருவதில்லை என்று ஆனது. எங்கள் வீட்டுக்கு 'பீடிக்காரன் வீடு' என்று பேர் விழுந்தது. நந்தினியின் மகள் பள்ளிக்கூடத்திலும் அந்தப் பேரைத்தான் கேட்டு வளர்ந்தாள். செத்தவனை இரண்டாவது தடவையும் கொளுத்தினார்கள் பாவிகள்.

அதற்குப் பிறகு நந்தினி கையில் ஸ்பேனரை எடுத்தாள். முதலில் ஏரிக்குள் இருக்கும் பசியாவரத்துக்காரர்களின் போட்டுகள். அவர்களுக்கு எங்கள் ஊர்ச் சண்டை அவ்வளவாகத் தெரியாது. வீட்டுச் சுவருக்குள் போகிற ஒற்றைக் கம்பி ஒயரை அவள் தொட மாட்டாள். எஞ்சின் அதிர்வில் அது ஒடிந்துவிடுமாம். ஈயப் பூச்சுப் போட்ட மெல்லிசுக் கம்பிகள் நிறைய உள்ள ஒயர்தான் வேண்டும் என்று சென்னை போய் வாங்கி வருவாள். ஓட்டை வழியாக ஒயர் போகும் இடத்திலெல்லாம் ரப்பர் வளையம். இணைப்பு எதுவும் தண்ணீர் தேங்கும் அடிப்பாகத்தில் இருக்கக் கூடாது. பேட்டரி ஆடாதபடி பட்டை போட்டுக் கட்டி, பெட்ரோல் கேனை அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளி வைப்பாள். கடைசியில் ஒவ்வொரு இணைப்பையும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பார்ப்பாள். "நான் இழுத்து வர்றது கடல்ல தானா வந்துடும்" என்பாள். ஒவ்வொரு போட்டிலும் நாலு மாற்று ஃபியூசை மூடி போட்ட டப்பாவில் வைத்து, எப்படி மாற்றுவது என்று போட்டுக்காரனைச் செய்யச் சொல்லிப் பார்த்த பிறகுதான் இறங்குவாள். ஃபியூசுக்குப் பதில் எவனாவது கம்பியோ சிகரெட் பெட்டி ஜிகினாத் தாளோ செருகியது தெரிந்தால் அவன் போட்டை மறுபடி தொட மாட்டாள்.

வாயில்லாப் பூச்சி என்று நான் நினைத்தவள் இரண்டே வருடத்தில் பசியாவரத்தையும் கோட்டைக்குப்பத்தையும் வளைத்துப் போட்டாள். பிறகு எங்கள் குப்பத்துக்காரர்களும் வாலைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். பொன்னுரங்கம் ஒயர் வேலையை விட்டுக் கடையோடு நின்றுகொண்டான். எனக்கு அது போதவில்லை. அவன் தின்று கொழுத்துக்கொண்டுதானே இருந்தான்!

போன தை மாதம் அவன் மகள் ருக்குவின் புருஷன் சிவகுமார் புதுப் போட்டு வாங்கினான். மருமகனுக்குச் சீராக ஒயர் வேலையைத் தானே செய்து தருகிறேன் என்று பொன்னுரங்கம் பழைய சாமானைத் தூசி தட்டி எடுத்தான். சிவகுமார் நல்ல பையன். மாமனாரிடம் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை, மனசும் ஒப்பவில்லை. மத்தியானம் யாரும் இல்லாத நேரம் பார்த்து எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, மாமாவே முடிச்சிட்டாரு. நீங்க ஒரு தபா பாத்துட்டா எனக்கு தைரியமா இர்க்கும். அவருக்குத் தெரிய வேணாம்."

நந்தினி போனாள். டார்ச் பிடிக்க நானும் போனேன். பெட்டி மூடியைத் திறந்தவள் அப்படியே நின்றாள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் நாலு செம்புக் கம்பி, அழகாக முறுக்கி, பளபளவென்று உட்கார்ந்திருந்தது. சொந்த மகளின் தாலிக்கே கம்பி முறுக்கி வைத்திருக்கிறான், அவ்வளவு சோம்பேறித்தனம், அவ்வளவு திமிர்.

நந்தினி பேட்டரியின் ஒயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி ஓரமாகத் தள்ளினாள். மூடியைப் போட்டாள். கரையில் காவலுக்கு நின்ற சிவகுமாரிடம், "வெள்ளிக்கெழம எறக்கறீங்க இல்ல? அது வரைக்கும் எந்த சுச்சையும் தொடாத, பெட்டியத் தெறக்காத. அன்னிக்குப் பேசிக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் கதவைச் சாத்தினேன்.

"அந்த ஒயர திரும்ப மாட்டிட்டு வா. ஒரு வார்த்த சொல்லாத. எரியட்டும். அவன் வூட்லயும் ஒரு பொணம் வுழட்டும்."

"சிவகுமார் இன்னா பண்ணான் அண்ணி?"

"என் தம்பி இன்னாடி பண்ணான்?"

இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை, அவள் வடித்த சோற்றையும் தொடவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு அந்தாளு சாவ வேணாம் அண்ணி. செத்துட்டா அந்தப் பீடிப் பேச்சு அப்டியே நின்னுடும். அந்தாளு வாயாலயே வரணும். ஊரு நடுவுல வரணும்."

எப்படி வரவைப்பாள் என்பதையும் அப்போதுதான் சொன்னாள். எழுந்து போய் ஒரு தட்டுச் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு, 'கை சொல்வது' என்போம். புதுப் போட்டு தண்ணீரில் இறங்கும் நாளில், பூசைக்கு முன்னால், அதில் வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராகப் போட்டின் மேல் கை வைத்து, தான் என்ன செய்தேன் என்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் வெற்றிலை பாக்கு. கை வைத்துப் பொய் சொன்னால் கங்கையம்மா பார்த்துக்கொள்வாள் என்பார்கள். என் தம்பி போட்டிலும் பொன்னுரங்கம் கை வைத்து 'நல்ல ஃபியூஸ்' என்று சொன்னவன்தான். கங்கையம்மாவுக்கு எட்டு வருடமாக வேறு வேலை இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை கரை முழுக்க ஜனம். பொன்னுரங்கம் பட்டு வேட்டியோடு வந்து போட்டில் கை வைத்தான்.

"நம்பர் ஒன் ஒயரு. ஃபியூஸ் போட்டுர்க்கேன். என் மருமவன் போட்டு, பாத்துப் பாத்து செஞ்சது" என்றான்.

வெற்றிலைத் தட்டு நீளும் நேரத்தில் நந்தினி முன்னால் வந்தாள்.

"மாமா, ஃபியூஸ் போட்டுர்க்கேன்னு சொன்னீங்க. அத எல்லாருக்கும் காட்டிடலாமா?"

பக்கத்தில் எங்கள் குப்பத்துக் கவியரசனின் போட்டு நின்றது. அது நந்தினி ஒயர் போட்டது. அதில் ஏறிப் பெட்ரோல் கேனுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முன்பக்கக் கம்பத்து லைட்டைப் போட்டுவிட்டு, அந்த லைட்டுக்குப் போகும் இரண்டு கம்பியையும் ஸ்பேனரால் சேர்க்கச் சொன்னாள் என்னை. சாதாரண நாளில் பெட்ரோல் உள்ள போட்டில் எவனாவது இப்படி விளையாடினால் அவளே செருப்பைக் கழற்றுவாள். நான் கங்கையம்மாவைக் கும்பிட்டுவிட்டுச் சேர்த்தேன். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். லைட்டு அணைந்தது, வேறு ஒன்றும் இல்லை. அவள் புது ஃபியூஸ் மாட்டினாள், லைட்டு எரிந்தது.

"இப்ப நீங்க வாங்க மாமா. சிவகுமார் போட்டுல இதே மாதிரி கேன் பக்கத்துல உக்காருங்க. அண்ணி சேப்பாங்க."

பொன்னுரங்கம் சிரித்தான். "நல்ல நாளு அதுவுமா இன்னாத்துக்கும்மா இந்த வெளாட்டு?"

ஆதிகேசவனுக்கு நந்தினி மேல்தான் கோபம். "ரெண்டு நிமிசம் உக்காந்துட்டு வாய்யா பொன்னுரங்கம். இதோட இந்தப் பொம்பள வாய அடச்சிடலாம்" என்றார். பொன்னுரங்கம் போட்டு வரைக்கும் போனான். ஒரு காலைத் தூக்கி விளிம்பில் வைத்தான். பெட்டியைப் பார்த்தான், என் கையில் இருந்த ஸ்பேனரைப் பார்த்தான். காலைக் கீழே இறக்கிவிட்டு, "முட்டி வலிக்குது" என்றான்.

"பரவால்ல மாமா, நான் உக்காரறேன்" என்று சிவகுமார் தாவி ஏறினான். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. கேனை ஒட்டி உட்கார்ந்தான். நான் முன்பக்கம் போய் ஸ்பேனரை நீட்டினேன்.

"டேய் எறங்குடா! இருசம்மா, சேக்காத! சேக்காத, எரிஞ்சிடும்!"

கரையே கேட்டது பொன்னுரங்கத்தின் அந்தக் கூச்சலை. நான் சேர்த்தேன். ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும், பேட்டரி ஒயர்தான் கழன்று கிடக்கிறதே. ஆனால் அவனுக்குத் தெரியாது. பட்டு வேட்டியோடு மணலில் விழுந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். நன்றாக மூடு, என் தம்பி முகத்தை மூடக்கூட விட்டதா உன் நெருப்பு? அந்த ஒரு நொடிக்காக இன்னொரு எட்டு வருடம் வேண்டுமானாலும் நான் காத்திருப்பேன்.

நந்தினி பெட்டியைத் திறந்தாள். கழற்றி வைத்த ஒயரையும் முறுக்கிய கம்பியையும் ஆதிகேசவன் கண்ணுக்கு நேராகக் காட்டினாள். பொன்னுரங்கத்தின் மகள் ருக்குதான் முதலில் பேசினாள்.

"எரியும்னு தெரிஞ்சே குடுத்தியா நைனா?"

அவன் கையை முகத்திலிருந்து எடுக்கவில்லை. ஆதிகேசவன் தொண்டையைச் செருமி, "அப்ப ராஜவேலு போட்டுல?" என்று கேட்டார்.

"அதுலயும் கம்பிதான்" என்றான் பொன்னுரங்கம்.

பெருமாள் கூட்டத்திலிருந்து வந்தான். அடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். அவன் நேராக நந்தினி முன்னால் வந்து, வெந்த கையால் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு நின்றான். "எட்டு வருசம் கழிச்சு இன்னா பெரிய நாயம்!" என்று என் வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

பஞ்சாயத்து அங்கேயே கூடியது. என்ன அபராதம் போடலாம் என்று ஆதிகேசவன் நந்தினியைக் கேட்டார், இந்தத் தடவை மரியாதையாகவே.

"அபராதம் வேணாம். இனிமே இந்தக் குப்பத்துல எந்தப் புதுப் போட்டு எறங்கினாலும், மத்தவங்க கை சொல்றதுக்கு மின்ன இவரு வந்து போட்டு மேல கை வெக்கணும். 'ராஜவேலு போட்டுல ஃபியூஸ் போடாம கம்பி முறுக்கி வெச்சது நான். அதனாலதான் ராஜவேலு செத்தான். பீடியால இல்ல'ன்னு சொல்லணும். சொன்ன பெறகுதான் போட்டு எறங்கணும்."

"எத்தினி நாளைக்கும்மா?"

"அவரு இருக்கற வரைக்கும்."

சிவகுமார் போட்டில் பழைய ஒயர் முழுவதையும் உருவிப் போட்டு நந்தினி புதிதாகப் போட்டுக் கொடுத்தாள். அது இறங்கிய அன்றுதான் பொன்னுரங்கம் முதல் தடவை சொன்னான். போன வாரத்துக்கு முன்னால் வரை ஏழு போட்டு இறங்கிவிட்டது. ஏழு தடவையும் நான் விடிந்ததும் குளித்துவிட்டுப் போய் முதல் வரிசையில் நின்றேன். நந்தினியின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். எங்கள் வீட்டைப் பீடிக்காரன் வீடு என்று இப்போது யாரும் சொல்வதில்லை, எங்கே ஒரு தடவை சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம்.

எட்டாவது போட்டு பெருமாளுடையது. போன வாரம் இறங்கியது, ஒயர் போட்டது நந்தினி. பொன்னுரங்கம் ஒரு மாதமாகக் காய்ச்சலில் கிடந்தவன். ஆட்டோவில் வந்து இறங்கினான், ருக்கு தாங்கிப் பிடித்திருந்தாள். மோதிரங்கள் விரலில் நிற்காமல் சுழன்றன. போட்டில் கை வைத்தான். உதடு அசைந்தது, காற்றுதான் வந்தது. சொல்லி முடித்துவிட்டுத் திரும்பி நின்றான்.

ஆதிகேசவன், "போதும்மா, விட்டுடு. ஒடம்பு முடியல பாரு" என்றார். எல்லாரும் நந்தினியைப் பார்த்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மூன்று கை மண் தூற்றிய எனக்கே மனசு இளகிவிட்டது. விட்டுடு என்று அவள் முந்தானையைக்கூடப் பிடித்து இழுத்தேன்.

அவள் என் கையை எடுத்துவிட்டாள்.

"கேக்கல மாமா. இன்னொரு தபா சொல்லுங்க."